தாகூரின் அந்தி நாட்கள்

1940-ஆம் ஆண்டில், எண்பதை எட்டிக்கொண்டிருந்த இரவீந்திரநாத் தாகூர், தம் இளமைப் பருவத்தைச் சிறுவர்களுக்கென ஒரு சிறு நூலாக எழுதினார். 'சேலேபேலா' என்பது அதன் பெயர். பிள்ளைப் பருவம் என்று பொருள். பள்ளிக்கூடத்தை வெறுத்த சிறுவன் ஒருவன் எப்படியேனும் நோய் வந்து படுத்துவிட வேண்டுமென்று பட்ட பாடு அந்நூலில் வருகிறது. காலணிகளை நீரில் நனைத்து அணிந்துகொண்டு அவன் நாளெல்லாம் திரிகிறான். பனி இறங்கும் இரவுகளில் திறந்த மாடியில் கிடக்கிறான். இருமல்கூட எட்டிப் பார்ப்பதில்லை. விடிந்தால் மீண்டும் பள்ளிக்கூடம்.

அதை எழுதிய காலத்தில் கவிஞரின் கண் மங்கியிருந்தது, செவி மந்தமாகியிருந்தது, எழுதுகோல் பற்றிய விரல்கள் முன்போல் ஏவலுக்கு இணங்கவில்லை. நோயை வருந்தி அழைத்தும் வரக் காணாத சிறுவனைப் பற்றி நகைச்சுவையோடு எழுதி முடித்த சில மாதங்களுக்குள் அவர் படுத்த படுக்கையானார். அதன் பின் வாழ்ந்தது ஓராண்டுக்கும் குறைவு.

தாகூரின் வாழ்வை எழுதுவோர் பெரும்பாலும் 1913-இல் வந்த நோபெல் பரிசையே அதன் உச்சியாக வைத்து, பிற்பகுதியை விரைந்து கடந்துவிடுவர். ஆயின் 1937 முதல் 1941 வரையிலான நான்கு ஆண்டுகள், கவிதை எழுதுவோர் தனியே நின்று நோக்க வேண்டிய பகுதியாகும். அறுபதாண்டுக் காலம் மரணத்தைப் பாடிய ஒரு கவிஞர், மரணம் தம் உடம்புக்குள்ளேயே வந்து குடியேறியபோது என்ன செய்தார் என்பது அங்கேதான் இருக்கிறது.

உடல் வலிமையில் அவருக்குக் குறைவிருந்ததில்லை. கல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில் 1861 மே 7-ஆம் நாள் பிறந்த அவர், சிறு வயதில் விடியுமுன் எழுந்து ஓர் ஒற்றைக்கண் பயில்வானிடம் மற்போர் பயின்றவர். பின்னர் பத்மா நதிக்கரையில் குடும்ப நிலங்களை மேற்பார்த்த காலத்தில் படகிலேயே வாழ்ந்து, ஆற்றில் நீந்தித் திளைத்தவர். நெடிய உருவமும் கணீரென்ற குரலும் இறுதிவரை ஊராரை வியக்க வைத்தன. இடையில் வந்த ஒரு நோய்கூட அவருக்கு உபகாரமாகவே முடிந்தது. 1912 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேற இருந்த வேளையில் நோயுற்றுப் பயணம் தடைப்பட்டது. ஓய்வுக்காக ஷெலாய்தா சென்றவர், கடினமான வேலை எதுவும் செய்ய இயலாத நிலையில், பொழுது போகத் தம் பாடல்களைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினார். ஆங்கில கீதாஞ்சலி அங்ஙனம் பிறந்தது.

மரணமோ அவருக்கு நெடுநாள் பழக்கம். பதின்ம வயதில், பழைய வைணவப் பதங்களின் சாயலில் பானுசிம்ஹன் என்ற புனைபெயரில் எழுதிய நாளிலேயே, மரணத்தைக் கண்ணனாக்கி ஒரு பாடல் பாடிவிட்டார். அது இளமையின் துணிவு, அழகிய கற்பனை. உண்மையான மரணம் 1884-இல் அண்ணி காதம்பரி தேவியின் முடிவோடு வீட்டிற்குள் வந்தது. 1902-இல் மனைவி மிருணாளினி, 1903-இல் மகள் ரேணுகா, 1905-இல் தந்தை தேவேந்திரநாத், 1907-இல் இளைய மகன் சமீந்திரநாத், 1918-இல் மூத்த மகள் மாதுரிலதா, 1932-இல் ஜெர்மனியில் ஒரே பேரன் நிதீந்திரநாத் என்று அது திரும்பத் திரும்ப வந்து போயிற்று. இந்த நோய்ப்படுக்கைகள் பலவற்றின் அருகில் பணிவிடை செய்தவராகவே தாகூர் இருந்திருக்கிறார். மின்விசிறி இல்லாத அக்காலத்தில் நோயுற்ற மனைவிக்கு இரவும் பகலும் தம் கையாலேயே விசிறினார். கூலிக்குச் செவிலியரை அமர்த்தவில்லை. மகள் ரேணுகாவை மலைக்காற்றுக்காக அல்மோராவரை அழைத்துச் சென்றார். பணிவிடை செய்யத் தெரிந்த அவருக்கு அதனை ஏற்றுக்கொள்ள மட்டும் தெரியவில்லை. அதை எண்பதாம் வயதில் கற்க நேர்ந்தது.

முதுமை வந்ததும் அவர் ஒதுங்கி அமரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1936-இல், எழுபத்து நான்கு வயதைக் கடந்த நிலையில், விசுவபாரதிக்கு நிதி திரட்ட 'சித்ராங்கதா' நாட்டிய நாடகக் குழுவோடு வட இந்திய நகரங்களுக்குப் புறப்பட்டார். இந்த வயதில் அவர் ஊர் ஊராக அலைவதைக் காணப் பொறாத காந்தியடிகள், டில்லியில் 60,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்து சுற்றுப்பயணத்தை முடித்துக்கொள்ளச் செய்தார். மறு ஆண்டு, அறிவியலை எளிய வங்கமொழியில் விளக்கும் 'விசுவபரிசய'த்தை எழுதி, இயற்பியலறிஞர் சத்தியேந்திரநாத் போஸுக்கு அர்ப்பணித்தார். எழுபதை நெருங்கிய வயதில் ஓவியராகவும் ஆகியிருந்தார். கையெழுத்துப் படியில் அடித்துத் திருத்திய சொற்களின் மேல் கோடுகளை இணைத்து இணைத்து உருவங்களாக்கும் பழக்கமே அவரை ஓவியத்திற்கு இட்டுச் சென்றது. 1930-இல் பாரிஸில் அவ்வோவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. திருத்துவதிலிருந்தே ஒரு கலை பிறக்குமளவுக்குத் தம் எழுத்தை ஓயாது திருத்தியவர் அவர்.

1937 செப்டம்பர் 10-ஆம் நாள் மாலை, சாந்திநிகேதனில், எவ்வித முன்னறிவிப்புமின்றி நினைவிழந்தார். ஏறத்தாழ இரண்டு நாட்கள் நினைவு திரும்பவில்லை. எரிசிபிலஸ் என்னும் தொற்றுநோய் என மருத்துவர்கள் கண்டனர். நெடுநாள் நண்பரான டாக்டர் நீல்ரதன் சர்க்கார் கல்கத்தாவிலிருந்து வந்து மருத்துவம் பார்த்தார். நாடெங்கும் கவலை பரவியிருந்த வேளையில் கண் விழித்த கவிஞர், சற்றே தெம்பு வந்தவுடன் வேண்டியவை வண்ணங்களும் தூரிகையும். இருண்ட மரக்கூட்டத்தினூடே ஒளி கசியும் ஒரு நிலக்காட்சியைத் தீட்டினார். சொல் இன்னும் வந்து சேராதபோது வண்ணம் முந்திக்கொண்டது போலும்.

பிறகு சொல்லும் வந்தது. 'பிராந்திக்' என்ற பதினெட்டுக் கவிதைகள் கொண்ட சிறு நூல் 1938-இன் தொடக்கத்தில் வெளியாயிற்று. விளிம்பில் நிற்பவன் என்பது அத்தலைப்பின் குறிப்பு. நினைவு அணைந்து மீண்ட அனுபவமே அதன் பொருள். அவருடைய முந்தைய மரணக் கவிதைகளோடு இவற்றை வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். முன்னவற்றில் மரணம் காதலனாக, விருந்தினனாக, மாலுமியாக அலங்கரித்துக்கொண்டு வரும். இங்கே அலங்காரம் குறைந்துவிட்டது. தம்மைச் சூழ்ந்திருந்தவை ஒவ்வொன்றாகக் கழன்று விலகுவதை உள்ளிருந்தே கண்ட ஒருவரின் அறிக்கை போல அவை அமைந்தன. நூலின் கடைசிக் கவிதைகள் 1937-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் எழுந்தவை. உலகில் மூண்டுவந்த போர்வெறியைக் கண்டு சீறுபவை. சாவின் வாயிலிலிருந்து திரும்பியவர் தம்மைப் பற்றியே பேசிக்கொண்டிராமல் உலகின் பக்கம் முகந்திருப்பியது சிறப்பு.

அடுத்த மூன்றாண்டுகளில் விடைபெறும் குரல் மெல்ல மெல்ல வலுத்தது. தம் கடைசி நாட்களுக்கென்று 'சியாமளி' என்ற மண் வீட்டை அவர் 1935-இலேயே கட்டுவித்திருந்தார். ஆயினும் அதில் நிலைத்திருக்க மனம் கொள்ளாமல் 'புனஸ்ச', 'உதீசி' என்று வீடு மாறிக்கொண்டே இருந்தார். வெயிற்காலங்களில் இமயச் சாரலில் சிங்கோனாத் தோட்டங்கள் நிறைந்த மங்பூவுக்குச் சென்று மைத்ரேயி தேவியின் இல்லத்தில் தங்கினார். 1939 டிசம்பரில் 'டாக் கர்' நாடகத்தை மீண்டும் மேடையேற்ற ஒத்திகை பார்த்தார். வெளியே போகக்கூடாதென்று வைத்தியர் தடுத்துவிட்டதால் சன்னலருகே அமர்ந்து, தெருவில் போவோர் வருவோரோடு பேசியே உலகைச் சுற்றிவரும் நோயாளிச் சிறுவன் அமலின் கதை அது. அந்நாடகத்திற்கெனப் புதிதாக ஒரு பாடல் இயற்றினார். இயற்றிய பின், அதனை நாடகத்தில் பாட வேண்டாமென்றும் தாம் மறைந்த பிறகு பாடலாமென்றும் சொல்லி எடுத்து வைக்கச் செய்தார்.

1940 பிப்ரவரியில் காந்தியடிகள் சாந்திநிகேதன் வந்தபோது, விசுவபாரதியைத் தமக்குப் பின் காத்தருளுமாறு வேண்டும் கடிதமொன்றை, அவர் புறப்படும் நேரத்தில் கையில் கொடுத்தார். ஏப்ரல் 5-ஆம் நாள், உயிர்த்தோழரான சி. எப். ஆண்ட்ரூஸ் காலமானார். ஆகஸ்டு 7-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் தன் சார்பில் சர் மாரிஸ் குவையரையும் டாக்டர் இராதாகிருஷ்ணனையும் சாந்திநிகேதனுக்கே அனுப்பி அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. இலத்தீனில் வாசிக்கப்பெற்ற பாராட்டுக்குக் கவிஞர் வடமொழியில் மறுமொழி கூறினார். ஓராண்டு கழித்து அதே ஆகஸ்டு 7 என்ன நாளாகப் போகிறது என்பதை அவையில் இருந்தோர் எவரும் அறிந்திருக்க வழியில்லை.

செப்டம்பரில், மருத்துவர் தடுத்தும் கேளாமல், காலிம்போங் மலைக்குப் புறப்பட்டார். அங்கே 26-ஆம் நாள் நோய் முற்றியது. புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர்ப் பாதை அடைபட்டதால் நச்சு இரத்தத்தில் கலந்து நினைவு தடுமாறிற்று. டார்ஜிலிங்கிலிருந்து வந்த ஆங்கிலேய மருத்துவர் உடனே அறுவை சிகிச்சை செய்யவேண்டுமென வற்புறுத்தினார். உடனிருந்தவர் மருமகள் பிரதிமா தேவி, அவர் இசையவில்லை. செய்தியறிந்து பிரசாந்த சந்திர மகலனோபிஸ் மருத்துவர்களோடு மலையேறி வந்து, கவிஞரைக் கல்கத்தாவுக்கு இறக்கிக் கொணர்ந்தார். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஜோராசாங்கோவில் படுக்கை. காந்தியடிகளின் செய்தியை எடுத்துக்கொண்டு மகாதேவ தேசாய் வந்தார். செவி மந்தமாகிவிட்டமையால் செயலாளர் அனில் சந்தா அச்செய்தியை உரத்த குரலில் காதருகே சொல்ல வேண்டியதாயிற்று. கேட்ட கவிஞரின் கன்னங்களில் கண்ணீர் வழிந்தது. எத்தனையோ சாவுகளைப் பிறர் அறியாமல் விழுங்கிக்கொண்டவர், அன்று தம் கண்ணீரை மறைக்கவில்லை.

நவம்பர் 18-இல் சாந்திநிகேதனுக்குத் திரும்பினார். இனி நடை இல்லை. நாற்காலியும் படுக்கையுமே உலகம். அமலின் சன்னல் அவருக்கும் வாய்த்தது. நாள்தோறும் விடியுமுன் எழுந்து கிழக்கு நோக்கி அமரும் வழக்கத்தை மட்டும் விடவில்லை. யாரேனும் தூக்கி உட்கார வைக்க வேண்டியிருந்தது. எந்நாளும் பிறர் தொண்டை விரும்பாத அவரைப் பேத்தி நந்திதா, ராணி சந்தா, நிர்மல்குமாரி மகலனோபிஸ் முதலியோர் முறை வைத்துக் கவனித்துக்கொண்டனர். தொடக்கத்தில் அவருக்கு இது பெருந்துன்பமாக இருந்தது. பின்னர் மெல்ல மெல்ல அத்துன்பம் நன்றியாக மாறியது. பணிவிடை செய்வோரைப் பரிகாசம் செய்து விளையாட்டுப் பாட்டுகள் கட்டினார்; அவர்களைப் பற்றிய உண்மையான கவிதைகளையும் படைத்தார்.

எழுதுகோலைப் பிடிக்க இயலாதபோது சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். கவிதையைச் சொல்லி எழுதுவிப்பது உரைநடையைச் சொல்லி எழுதுவிப்பது போன்றதன்று. தாளில் அடித்தும் மாற்றியும் தேடிக் கண்டடையும் வழி அடைபட்டுப் போகிறது. முழு அடியும் மனத்திலேயே உருப்பெற்று வர வேண்டும். மூச்சும் நினைவும் தாங்குமளவே அடியின் நீளம். தாகூரின் கடைசிக் கவிதைகள் எதுகையைத் துறந்து, அடி குறுகி, எலும்பு தெரிய நிற்பதற்குக் கவிதைக் கொள்கை மட்டும் காரணமாகாது. உடலின் தளர்ச்சியும் ஒரு காரணம். குறைந்துவந்த ஆற்றலை மறைக்க அவர் முயலவில்லை. இருந்த ஆற்றல் எதைச் செய்யுமோ அதனையே கவிதையாக்கினார்.

'ரோகசய்யாய்', 'ஆரோக்கிய', 'ஜன்மதினே' என்று நோய்ப்படுக்கையையும் நலத்தையும் பிறந்தநாளையும் பெயராகக் கொண்ட மூன்று தொகுதிகள், 1940-இன் இறுதிக்கும் 1941 கோடைக்கும் இடையே வெளிவந்தன. விடியற்காலையில் சன்னலுக்கு வரும் சிட்டுக்குருவி, தினமும் காலையில் நாற்காலியருகே வந்து காத்துக் கிடக்கும் நாய், உறங்காத இரவின் நீளம், தலைமாட்டில் விழித்திருக்கும் பெண்ணின் கை ஆகியவையே பொருள்கள். விசுவகவி என்று உலகம் கொண்டாடிய ஒருவர், தம் அறையின் நான்கு சுவர்களுக்குள் அகப்பட்டதைக் கொண்டே எழுதினார். அதே படுக்கையிலிருந்து, உழைக்கும் எளிய மக்களின் வாழ்வுக்குள் தம் கவிதை நுழையவில்லை என்ற ஒப்புதலையும் 'ஜன்மதினே'யில் பதிவு செய்தார். எண்பது வயதில், புகழின் உச்சியில், தம் படைப்பின் குறையைத் தாமே எழுதி வைக்கும் நேர்மை எளிதில் வாய்ப்பதன்று. அவர் தொகுதிகளுள் மெலிந்தவை இவை என்று கருதுவோர் உண்டு. மெலிவு உண்மைதான். நீருக்கடியில் உள்ள மணல் தெரிய வேண்டுமானால் ஆறு வற்றித்தான் ஆக வேண்டும்.

வங்கப் புத்தாண்டு நாளான 1941 ஏப்ரல் 14-ஆம் நாள், 'சப்யதார் சங்கட்' என்ற உரையைக் கவிஞர் முன்னிலையில் க்ஷிதிமோகன் சேன் வாசித்தார். வாசிக்கும் வலிமை கவிஞருக்கு இல்லை. ஐரோப்பிய நாகரிகத்தின் மேல் இளமை முதல் வைத்திருந்த நம்பிக்கை தகர்ந்ததை வெளிப்படையாகச் சொல்லி, மனிதன் மேல் நம்பிக்கை இழப்பதை மட்டும் பாவமென்று ஒதுக்கியது அவ்வுரை. ஜூன் மாதத்தில், இந்தியரைக் குறைகூறிய எலினார் ராத்போன் அம்மையாருக்குப் படுக்கையில் இருந்தபடியே சூடான மறுப்பொன்றைச் சொல்லி எழுதுவித்தார். உடல் தளர்ந்தால் சினமும் தளரும் என்ற நினைப்பு அவர் வரையில் பொய்த்தது.

காய்ச்சல் விடவில்லை. கவிராஜர் விமலானந்த தர்க்கதீர்த்தரின் ஆயுர்வேத மருத்துவம் சில காலம் நடந்தது. டாக்டர் விதான் சந்திர ராய் உள்ளிட்ட மருத்துவர்கள் அறுவை ஒன்றே வழி என்றனர். நீல்ரதன் சர்க்காரோ தயங்கினார். கவிஞரின் விருப்பம் தெளிவாக இருந்தது. பழுத்த இலை தானே உதிர்வதுபோல உடலில் கத்தி படாமல் போக வேண்டும் என்பதே அது. ஆனால் முதுமை முதலில் பறிப்பது, தன்னைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமையைத்தான். அன்புடையோர் கூடிக் கலந்து முடிவு செய்தனர்; அவர் இசைந்தார். யாரையும் இதற்காகக் குறை சொல்ல இயலாது. பென்சிலின் பொது வழக்கிற்கு வராத காலம் அது. அறுத்தாலும் ஆபத்து, அறுக்காவிட்டாலும் ஆபத்து.

ஜூலை 25-ஆம் நாள், ஆசிரமத்தார் பாடி வழியனுப்ப, நாற்பதாண்டுகளாக வளர்த்த சாந்திநிகேதனை விட்டுப் புறப்பட்டார். பிறந்த வீடாகிய ஜோராசாங்கோ மாளிகையில் ஒரு தாழ்வாரம் அறுவைக்கென ஆயத்தமாயிற்று. 27-ஆம் நாள் ஒரு சிறு கவிதை சொன்னார். இருப்பின் தன்மை குறித்த ஒரே வினாவைத் தொடக்கத்திலும் முடிவிலும் எழுப்பி, விடையின்றியே நிறுத்திவிடும் கவிதை. உபநிடதங்களில் ஊறி வளர்ந்தவர், விடை தெரிந்ததாக அப்போதும் பாவனை செய்யவில்லை. 29-ஆம் நாள் இன்னொன்று. இடையிடையே மகலனோபிஸிடம் ருஷ்யப் போர்முனைச் செய்திகளைக் கேட்டறிந்தார்.

ஜூலை 30. அறுவை அன்றுதான் என்பது காலைவரை அவருக்குச் சொல்லப்படவில்லை. அறியாமலே ராணி சந்தாவை அழைத்து ஒரு கவிதையைச் சொல்லி எழுதச் செய்தார். களைத்து ஓய்ந்து, சற்று நேரம் கழித்து மேலும் மூன்று அடிகள் சேர்த்தார். அதில் இன்னும் சரியாக வராத இடங்கள் உண்டென்றும் அறுவைக்குப் பிறகு பார்த்துத் திருத்திக்கொள்ளலாமென்றும் கூறினார். முற்பகலில் டாக்டர் லலித்மோகன் பந்தியோபாத்யாய், உடல் முழுவதையும் மயக்காமல் அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவையை முடித்தார். அரைமணி நேரத்திற்குள் எல்லாம் முடிந்தது. வலித்ததா என்று பின்னர் மருத்துவர் வினவியபோது, வீணே தம்மைப் பொய் சொல்ல வைப்பானேன் என்பதாக விடையளித்தார்.

இரண்டு மூன்று நாட்களில் நிலைமை சரிந்தது. விக்கல், காய்ச்சல், பின் நினைவின்மை. கவிதையைத் திருத்தும் வேளை வரவேயில்லை. கோடு கோடாக அடித்துத் திருத்தி அந்தத் திருத்தங்களையே ஓவியமாக்கியவரின் கடைசிக் கவிதை, சொன்னது சொன்னபடியே நின்று, அவருக்குப் பின் வெளியான 'சேஷ லேகா' தொகுதியில் இடம்பெற்றது.

1941 ஆகஸ்டு 7-ஆம் நாள், வங்கக் கணக்கில் சிராவணம் 22, நண்பகல் கடந்து சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது. கூட்டம் மாளிகையின் கதவுகளை நெருக்கித் தள்ளிற்று. அமைதியாக உதிர விரும்பியவரின் உடல் ஆரவாரத்தின் நடுவே தோள் மாறித் தோள் மாறி நிம்தலா மயானத்திற்குச் சென்றது. நினைவுப்பொருளாகத் தாடியிலிருந்தும் தலையிலிருந்தும் முடியைப் பிடுங்கியவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர். நெரிசலைக் கடந்து மகன் ரதீந்திரநாத் சிதையருகே வந்து சேர இயலாமற் போயிற்று.

சாந்திநிகேதனில் அந்த நெரிசல் இல்லை. அங்குள்ள வழிபாட்டு மண்டபத்தில் ஆசிரமத்தார் கூடி அமர்ந்து, 'டாக் கர்' ஒத்திகையின்போது அவர் எடுத்து வைக்கச் சொன்ன பாடலை முதன்முறையாகப் பாடினர்.